வாடகை வீட்டில் வெந்நீர்: பழுதுச் செலவு யாருடையது?

தம்பின் மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டால், விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் உடம்பில் பட்டதும் பல் கிட்டிப்போகும். தோட்டங்களில் வாழ்ந்த நம் பெற்றோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். லயத்தின் பின்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த ரப்பர் விறகை மூட்டி, மண்ணெண்ணெய் டின்னிலோ பித்தளைத் தவலையிலோ தண்ணீர் காயவைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும், கைக்குழந்தைக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும் அந்த வெந்நீர். மற்றவர்கள் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். அந்த அடுப்பு பழுதாவதில்லை. ஆனாலும் ஒரு கல்லை நகர்த்தி வைத்தால் போதும். அதற்குச் செலவு செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்வியே எழுந்ததில்லை.

இன்று தோட்டத்தை விட்டு வெளியே வந்து தாமான் வீடுகளில் குடியிருக்கிறோம். பலர் வாடகைக்கு இருக்கிறார்கள்; சிலர் வாடகைக்கு விட்டும் இருக்கிறார்கள். குளியலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதன் பித்தானைத் திருப்பினால் சில விநாடிகளில் வெந்நீர் வருகிறது. ஹீட்டர் என்று சொல்லிப் பழகிவிட்ட அந்தப் பெட்டி ஒரு நாள் பழுதாகிறது. அப்பொழுதுதான் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் பேச்சு தடிக்கிறது. "நீங்கள்தானே பயன்படுத்துகிறீர்கள்" என்கிறார் ஒருவர். "உங்கள் வீட்டுப் பொருள்தானே" என்கிறார் மற்றவர். இந்த வழக்கைத்தான் இன்றைய உரையில் சற்று விரிவாக ஆராயப்போகிறோம். வெந்நீர் கிடைக்கிறதா இல்லையா என்பது ஒரு சௌகரியக் கேள்விதான். ஆனால் மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும்போது, பழுதைக் கவனிக்காமல் விடுவது உயிர்க் கேள்வியாகிவிடுகிறது.

முதலில் தோட்டத்துக்குத் திரும்பிப் போவோம். லயத்தில் குடியிருந்த தொழிலாளி வாடகை கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் குடியிருந்தது பிறர் வீட்டில்தான். வீட்டுக்காரர் தோட்ட நிர்வாகம். குழாய் உடைந்தால், கூரைத் தகரம் பெயர்ந்தால், அது யாருடைய வேலை என்பதில் ஐயம் இருந்ததில்லை. கங்காணியிடமோ கிராணியிடமோ சொல்லவேண்டும், அவர் மேலே சொல்லவேண்டும், ஆள் வரவேண்டும். ஆள் எப்பொழுது வருவார் என்பது வேறு கதை. குழாயடியில் வாரக்கணக்கில் வாளிகள் வரிசை பிடித்து நின்ற தோட்டங்களும் உண்டு. என்றாலும், "உன் குழாயை நீயே பழுது பார்த்துக்கொள்" என்று துரை சொல்வதற்கு வழியில்லை. காரணம், சட்டம் அவர் தோளில் சுமையை வைத்திருந்தது.

இந்தச் சட்டத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. மலாய்க் கூட்டுமாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பிலேயே தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பும் தண்ணீரும் முதலாளியின் பொறுப்பாகக் கருதப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான குறைந்தபட்ச நிலைச் சட்டம் வந்தது. அதை மாற்றி 1990-இல் வந்ததுதான் 446-ஆம் எண் சட்டம். குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தருவதும், கட்டடத்தை நல்ல நிலையில் பழுது பார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்று அது வைத்தது. 2019-இல் திருத்தப்பட்ட இந்தச் சட்டம், 2020 முதல் தோட்டங்களையும் சுரங்கங்களையும் தாண்டி மற்றத் தொழில்களில் தங்கவைக்கப்படும் ஊழியர்களுக்கும் விரிந்தது.

சட்டம் இருந்ததால் லயங்கள் மாளிகைகளாகிவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. பல தோட்டங்களில் நிர்வாகத்தின் எஞ்சின் இரவில் சில மணி நேரம் ஓடி நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆனால் ஒரு கருத்து மட்டும் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. குடியிருப்பும் அதோடு சேர்ந்த பொருள்களும் எவருக்குச் சொந்தமோ, அவரே அவற்றைப் பழுது பார்க்கவேண்டும் என்பது அந்தக் கருத்து.

பிறகு என்ன ஆயிற்று என்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் தம்பின், கெமஞ்சே, கிமாஸ், எல்லைக்கு அப்பால் பூலாவ் செபாங், அலோர் காஜா என்று பரவின. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து மலிவு விலை வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ வேலை கிடைத்துப் போனதும், அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டவர்களும் இருக்கிறார்கள். சிரம்பானுக்கும் கிமாசுக்கும் இடையே இரட்டை ரயில் பாதை 2013-இல் முடிந்தபின் தம்பினிலிருந்து வெளியே வேலைக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. ஆகவே வாடகைக்கு வீடு தேடுபவரும் இருக்கிறார். வீட்டை விட்டுத் தொலைவில் வாழும் வீட்டுக்காரரும் இருக்கிறார். சில வேளைகளில் இருவரும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள்! அங்கே துரைக்கு எதிராக ஒரே பக்கம் நின்றவர்கள், இங்கே ஒரு ஹீட்டருக்காக எதிரெதிராக நிற்கிறார்கள்.

இதே கேள்வி பிரிட்டனில் எப்படித் தீர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நமக்கு உதவும். அங்கே குளிர்நாடு, வெந்நீர் இல்லாத வீடு குடியிருக்கத் தகாத வீடு. பெரும்பாலான வீடுகளில் எரிவாயுவால் இயங்கும் பாய்லர் ஒன்று இருக்கும். நம் ஊர்த் தொழிற்சாலைப் பாய்லர் போன்ற பெரிய உருவமல்ல. சமையலறை அலமாரிக்குள் அடங்கிவிடும் பெட்டி. குழாய்க்கு வெந்நீர் தருவதோடு, அறைகளைச் சூடாக்கும் இரும்புச் சட்டங்களுக்குள்ளும் அதுவே சுடுநீரை ஓட்டும். மார்கழிக் குளிரில் அது நின்றால் வீடே நின்றுபோகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. எரிவாயு சரியாக எரியாமலும் புகை வெளியேறாமலும் போனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்கியவர் தூங்கியபடியே போய்விடுவார்.

ஆகவே அங்கே சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர்–குடியிருப்பவர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகளுக்குக் குறைந்த வாடகைகளில் வீட்டைச் சூடாக்கும் அமைப்பையும் தண்ணீரைச் சூடாக்கும் அமைப்பையும் வீட்டுக்காரரே பழுது பார்த்து வைக்கவேண்டும் என்கிறது. தாமாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தால் இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அடுத்து, 1998-ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் வைத்திருக்கும் எரிவாயுக் கருவியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பதிவு பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு சோதிக்கவேண்டும். சோதனைச் சீட்டின் நகலைக் குடியிருப்பவருக்கு 28 நாள்களுக்குள் கொடுக்கவேண்டும். 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில், சமையல் அடுப்பு நீங்கலாக எரிபொருளால் இயங்கும் நிலைக்கருவி உள்ள அறைகளில் நச்சுவாயு எச்சரிக்கை மணியும் வைக்கவேண்டும்.

இந்தக் கடமையைச் சமாளிக்கப் பிறந்த வாணிபம்தான் பாய்லர் காப்பு ஒப்பந்தம். வீட்டுக்காரர் மாதந்தோறும் ஒரு தொகை கட்டுகிறார். பாய்லர் நின்றால் ஒரு தொலைபேசி அழைப்பு. கம்பெனி ஆள் வந்து பழுது பார்க்கிறார். சில ஒப்பந்தங்களில் ஆண்டுச் சோதனையும் சேர்ந்திருக்கும். இது அவசியமா, பணவிரயமா என்று அங்கே வீட்டுக்காரர்களுக்குள்ளேயே இரு கட்சிகள் உண்டு. பணத்தை வங்கியில் போட்டு வைத்துப் பழுதானபோது செலவழித்தால் மிச்சம் என்பது ஒரு கட்சி. நடுக்குளிரில் இரவு பத்து மணிக்கு ஆள் தேடி அலைவதற்குப் பதில் மாதக் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது மற்றது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த வாதத்தில் "குடியிருப்பவர் கட்டட்டுமே" என்ற கட்சி எடுபடுவதில்லை. பழுது பார்க்கும் கடமை எவருடையது என்பது தீர்ந்துபோன விஷயம். கடமையை எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதில்தான் கருத்து வேற்றுமை. நம் ஊரில் நிலைமை தலைகீழ்: வழிகள் பல இருக்கின்றன; கடமை எவருடையது என்பதே தீராமல் கிடக்கிறது.

இனி, நம் குளியலறைப் பெட்டிக்கு வருவோம். நம் நாட்டில் பரவலாக இருப்பது உடனடி ஹீட்டர். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் உள்ளே ஒரு விசை அதை உணர்ந்து மின்சாரத்தைத் திறந்துவிடும். சூடேற்றும் கம்பி அமைந்த சிறு கலத்தின் வழியே தண்ணீர் பாய்ந்து சூடாகி வெளிவரும். இதற்கு 3.6 கிலோவாட் அளவு மின்சாரம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கம்பியில் ஏறக்குறைய 15 ஆம்பியர் ஓடுகிறது. மனித உடம்பின் வழியே இதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு ஓடினால், அதாவது 10 மில்லி ஆம்பியர் ஓடினால், தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகக்கூடும். அதற்குமேல் போனால் மூச்சும் இதயமும் தடைப்படும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடம்பு மின்சாரத்துக்கு நல்ல பாதை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இதற்குக் காவலாக மூன்று இருக்கின்றன. ஒன்று, கசியும் மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பி. இரண்டாவது, பெட்டிக்குள்ளேயே இருக்கும் கசிவுத் துண்டிப்பான். மூன்றாவது, வீட்டின் மின்பலகையில் ஹீட்டருக்கென்று தனியாக வைக்கப்படும் கசிவுத் துண்டிப்பான். இந்தத் துண்டிப்பான் செய்யும் வேலை எளிமையானது: போகும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் சும்மா இருக்கும். வித்தியாசம் தெரிந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் தொடர்பை அறுத்துவிடும். சாதாரண ஃபியூஸ் இதைச் செய்யாது. 15 ஆம்பியரைத் தாங்கும் ஃபியூஸுக்கு அதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு எங்கே தெரியப்போகிறது? ஆகவேதான் நமது 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள் ஈரத்தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவியைக் கேட்கின்றன.

சில வீடுகளில் தண்ணீரைச் சேர்த்துவைத்துச் சூடாக்கும் தொட்டி ஹீட்டர் இருக்கும். அதில் அழுத்தத்தை வெளிவிடும் ஒரு வால்வு உண்டு. அது சொட்டுகிறது என்று யாராவது அதன் வாயை அடைத்தால், தொட்டி வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். சொட்டுகிற வால்வை மாற்றவேண்டுமே தவிர அடைக்கக்கூடாது.

இப்பொழுது ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். எந்தத் தாமானிலும் நடக்கக்கூடியதுதான். ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வீட்டில் ஆறு மாதக் குழந்தை. பிற்பகலில் இடி மின்னலோடு மழை பெய்தபின் மின்பலகையில் ஹீட்டரின் துண்டிப்பான் அடிக்கடி விழுகிறது. மனைவி வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்கிறார்:

"அண்ணே, ஹீட்டர் பித்தானைப் போட்டாலே கட்டாயிடுதுண்ணே. பிள்ளைக்குக் குளிக்க வைக்க முடியல."

"நான் கொடுக்கும்போது நல்லாத்தானேம்மா இருந்துச்சு. தம்பிய விட்டு ஒரு ஆளக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லு. சின்னச் செலவுதானே."

அந்தத் தம்பி, அதாவது கணவர், யோசிக்கிறார். பிறர் பொருளுக்கு நாம் ஏன் இருநூறு வெள்ளி செலவழிக்கவேண்டும்? அடுத்த ஆண்டு இந்த வீட்டில் இருப்போமோ என்னவோ. தெரிந்த பையன் ஒருவன் வருகிறான். ஹீட்டர் கம்பியைத் துண்டிப்பானிலிருந்து கழற்றி, நேரே வேறு இணைப்பில் கொடுத்துவிட்டுப் போகிறான். இருபது வெள்ளி. இனித் துண்டிப்பான் விழாது, வெந்நீர் வருகிறது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நடந்தது என்ன? வீட்டில் திருடன் நுழைந்ததைக் கண்டு குரைத்த நாயைக் கட்டிப்போட்டாயிற்று! துண்டிப்பான் விழுந்ததற்குக் காரணம் அதன் கோளாறாக இருந்திருக்கலாம். ஹீட்டருக்குள் மின்சாரம் கசிந்ததாகவும் இருந்திருக்கலாம். எது என்று யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குழந்தையைத் தாய் எர்த் கம்பி ஒன்றை மட்டும் நம்பிக் குளிப்பாட்டுகிறாள். எர்த் கம்பி முறையாகப் போடப்பட்டிருக்கிறதா என்பதும் யாருக்கும் தெரியாது.

பழுதுச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே தீர்க்காவிட்டால் வரும் ஆபத்து இதுதான். இருவரும் கெட்டவர்களல்ல. ஒவ்வொருவரும் இருநூறு வெள்ளியை மற்றவர் கணக்கில் எழுதினார்கள், அவ்வளவே. செலவு எவர் கணக்கிலும் ஏறாதபோது, மலிவான வழி உள்ளே நுழைந்துவிடுகிறது.

நம் நாட்டுச் சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? வீட்டு வாடகைக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. பிரிட்டனில் உள்ளதுபோல் தண்ணீர் சூடாக்கும் கருவி வீட்டுக்காரரின் பொறுப்பு என்று பெயர் சொல்லி விதிக்கும் சட்டத்தைக் காட்டி நாம் வாதாட முடியாது. பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே முடிவு செய்கிறது. பழக்கத்தில் உள்ள ஒப்பந்தங்கள் பலவற்றில், கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரருடையது, சிறு பழுது குடியிருப்பவருடையது என்று மட்டும் இருக்கும். ஹீட்டர் சிறு பழுதா, பெரும் பழுதா? அங்கேதான் வழக்கு. ஒப்பந்தமே எழுதாமல் வாய்ப்பேச்சில் வீடு கொடுத்தவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

நம் அபிப்பிராயம் இது: வீட்டோடு வந்த ஹீட்டரின் சோதனைச் செலவும் பழுதுச் செலவும் வீட்டுக்காரருடையவை. காரணம் இரக்கமல்ல, கணக்கு. ஹீட்டர் உள்ள வீடு என்று சொல்லித்தான் அவர் வாடகை பேசுகிறார். தேய்மானம் அவர் சொத்தில் நடக்கிறது. பழுது பார்த்தால் பயனும் அவர் சொத்துக்குத்தான் சேர்கிறது. குடியிருப்பவர் போய்விடுவார், ஹீட்டர் சுவரிலேயே இருக்கும். ஆகவே அதை நன்றாகச் செய்யவேண்டும் என்ற அக்கறை நீடித்திருக்கக்கூடியவர் வீட்டுக்காரர் ஒருவரே. வாடகை வருமானத்துக்கு வரி கட்டுபவராக இருந்தால், பழுது பார்க்கும் செலவை அந்த வருமானத்திலிருந்து கழித்துக் காட்ட அவருக்கு வழியிருக்கிறது. குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ரசீதை மட்டும் பத்திரப்படுத்தவேண்டும். முதன்முதலாகப் புதிய ஹீட்டர் ஒன்றைப் பொருத்தும் செலவு அப்படிக் கழிபடாது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

எல்லாமே அவர் தலையில் என்று நாம் சொல்லவில்லை. குடியிருப்பவர் பெட்டியை இடித்து உடைத்தாலோ, கைவைக்கக்கூடாத ஆளை விட்டுக் கழற்றினாலோ, அந்தச் செலவு அவருடையது. பூவாளியும் அதன் ரப்பர்க் குழாயும் கைபட்டுத் தேய்பவை. அவற்றைக் குடியிருப்பவர் மாற்றிக்கொள்வது நியாயம். வீட்டில் ஹீட்டரே இல்லாமல் குடியிருப்பவர் தாமே வாங்கி மாட்டியிருந்தால் அது அவர் பொருள். ஆனால் அதற்கான இணைப்பை வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டுதான் போடவேண்டும். பழுதைக் கண்டதும் தெரிவிப்பதும் குடியிருப்பவரின் கடமையே. மூன்று மாதம் கசியவிட்டுப் பிறகு சொன்னால் வீட்டுக்காரர் கோபப்படுவதில் தப்பில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. வீட்டுக்காரர் என்றால் பெரும் பணக்காரர் என்று அர்த்தமில்லை. முப்பது ஆண்டு பால் வெட்டி, சேமநிதியைப் போட்டு வாங்கிய ஒரே வீடு. அதன் வாடகைதான் முதுமைக்கால மருந்துச் செலவு. அவர்மேல் மேலும் செலவை ஏற்றலாமா? நியாயமான கேள்விதான். வாடகை மிகவும் ஒடுங்கிப்போனால் பழுது பார்ப்பவர் இருக்கமாட்டார் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. மலாக்காவிலும் பினாங்கிலும் பழைய கடைவீடுகள் பல கூரை ஒழுக நின்றதற்கு, அற்ப வாடகையில் பழுது பார்க்க மனம் வராததும் ஒரு காரணம். 1997-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் வாடகை ஏறிப் பல பழைய குடிகள் வெளியேற நேர்ந்தது என்பது அந்தக் கதையின் மறுபாதி.

ஆகவே தொகையைப் போட்டுப் பார்ப்போம். வெறும் கணக்குக்காக மாத வாடகை 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரை வாங்கிப் பொருத்த 500 வெள்ளி. அது ஐந்து ஆண்டு உழைக்கிறது. ஆண்டுக்கு 100 வெள்ளி தேய்மானம். வயர்மேன் ஆண்டுக்கு ஒருமுறை வந்து எர்த் கம்பியையும் துண்டிப்பானையும் சோதிக்க 80 வெள்ளி. ஆக, ஆண்டுக்கு 180. மாதத்துக்கு 15 வெள்ளி. வாடகையில் நூற்றுக்கு இரண்டரை. இதையும் தாங்க முடியாத வீட்டுக்காரர், வாடகையை 15 வெள்ளி கூட்டிப் பேசி, பழுதைத் தாமே ஏற்றுக்கொள்வது நல்லது. குடியிருப்பவருக்கும் அது லாபம்தான். எதிர்பாராத நாளில் இருநூறு, ஐந்நூறு என்று கையைக் கடிக்காது. பணம் எந்தப் பையிலிருந்து புறப்பட்டாலும், வயர்மேனைக் கூப்பிடும் கை வீட்டுக்காரருடையதாக இருக்கவேண்டும்.

சரி, பிரிட்டனில் உள்ளதுபோல் மாதக் காசு கட்டும் காப்பு ஒப்பந்தம் நமக்குத் தேவையா? ஒரே வீட்டில் ஒரே ஒரு உடனடி ஹீட்டருக்குத் தேவையில்லை என்பதே நம் முடிவு. காப்பு விற்பவர் தம் அலுவலகச் செலவையும் லாபத்தையும் அந்த மாதக் காசிலிருந்துதான் எடுக்கவேண்டும். இழப்பு பெரியதாகவும், நாம் தனியே தாங்க முடியாததாகவும் இருந்தால்தான் அந்தக் கூடுதல் விலை தகும். அவர்களுடைய பாய்லரை மாற்ற ஆயிரக்கணக்கில் பவுன் ஆகும். நம் பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி. அவர்களுக்கு ஒரு நாள் தாமதம் குளிரில் நடுக்கம். நமக்கு இரண்டு நாள் அடுப்பில் தண்ணீர் காயவைத்தால் தீரும். எனவே மாதம் 15 வெள்ளியைத் தனியே போட்டு வைப்பதே நம் காப்பு. நான்கைந்து வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவருக்கும், சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு தம்பின் வீட்டை எட்டிப் பார்க்க முடியாதவருக்கும் கணக்கு மாறும். அவர்கள் உள்ளூர் வயர்மேன் ஒருவரோடு ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, அழைத்தால் வரவேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எதை வாங்கினாலும் சிறு எழுத்தைப் படிக்கவேண்டும். காப்பு ஒப்பந்தங்களில் முன்பே இருந்த கோளாறு, வயதான கருவி, உப்புப் படிவு முதலியவை விலக்கப்பட்டிருப்பது வழக்கம். கருவியோடு வரும் உத்தரவாதமும் அப்படியே. சூடேற்றும் கலத்துக்கு நீண்ட காலம், மற்றப் பாகங்களுக்குக் குறைந்த காலம் என்று இருக்கும். வீட்டுக்கு எடுத்திருக்கும் தீக்காப்புறுதி, நாள்பட்டுத் தேய்ந்த ஹீட்டருக்குப் பணம் தரும் என்று எண்ணிவிடக்கூடாது. இன்னொன்றும் முக்கியம்: காப்பு வேறு, சோதனை வேறு. கருவி நின்ற பிறகு ஆள் வருவது காப்பு. கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்து பார்ப்பது சோதனை. ஆபத்தான ஹீட்டர் பல சமயம் நன்றாகத்தான் வெந்நீர் தரும்.

புதிதாக வீடு பேசுபவர்கள் ஒப்பந்தத்தில் நான்கு வரி கூடுதலாக எழுதிக்கொள்ளலாம். வீட்டில் இன்ன ஹீட்டர் இருக்கிறது, இன்ன தேதியில் சோதிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு வீட்டுக்காரர் சோதிப்பார். பழுதைத் தெரிவித்தபின் இத்தனை நாளில் ஆள் அனுப்புவார். அனுப்பாவிட்டால் இன்ன தொகைக்குள் குடியிருப்பவர் பழுது பார்த்து, ரசீதைக் காட்டி, வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரி இல்லாமல் தாமாகவே வாடகையை நிறுத்தி வைக்கக்கூடாது. அது குடியிருப்பவரைத் தவறு செய்தவராக்கிவிடும். வீட்டுக்காரரும் கோபத்தில் பூட்டை மாற்றிவிடக்கூடாது. நீதிமன்ற உத்தரவின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றுவதை 1950-ஆம் ஆண்டுத் தனிநிவாரணச் சட்டம் தடுக்கிறது. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டவேண்டும். முத்திரையில்லாத தாளை வழக்கு வரும்போது சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். தகராறு முற்றினால், 5,000 வெள்ளி வரையிலான சிறு தொகைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடும் வழி இருக்கிறது.

ஒப்பந்தம் எழுதும் வரையில் காத்திருக்க வேண்டாத ஒரு வேலையும் இருக்கிறது. மின்பலகையில் உள்ள துண்டிப்பானில் சோதனைப் பித்தான் ஒன்று இருக்கும். ஹீட்டரிலும் பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை, கை ஈரமில்லாதபோது அதை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழவேண்டும். விழுந்தால் திரும்பத் தூக்கிவிடலாம். விழாவிட்டால் ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு, அன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். வயர்மேன் வந்து பார்க்கும் வரையில் அடுப்பில் தண்ணீர் காயட்டும்.